முப்பத்தேழாவது படம்

கேமராவின் லீவர் நகர்ந்துவிட்டது.

நகரக் கூடாது. ஒரு ஃபிலிம் ரோலில் முப்பத்தாறு படம்தான். அதற்கு மேல் இழுத்தால் லீவர் முரண்டு பிடிக்க வேண்டும். இதுவோ எண்ணெய் போட்ட கீல் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

எண் காட்டும் சின்னக் கண்ணாடிக்குள் முப்பத்தேழு.

சில ரோலில் ஒன்றிரண்டு கூடுதலாக வருவதுண்டு. அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எதிரே ஜன்னலோர நாற்காலியில் கணவன் உட்கார்ந்திருந்தான். அவனுடைய மூன்று பெட்டிகளும் கருவிப் பையும் கதவோரம் இருந்தன. நாலு மணிக்கு வண்டி வரும். அதன் பிறகு இந்த வீட்டில் அவள் மட்டும். சத்தம் போடாமல், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு எடுத்த முடிவு. அதை எதற்காக எடுத்தோம் என்று யாராவது கேட்டால் அவளால் ஒரு வரியில் சொல்ல முடியாது. பத்து வரியிலும் முடியாது.

"ஒரு ரோல் மிச்சம் இருக்கா? என்னையும் எடுத்துடேன்" என்று காலையில் அவனாகத்தான் கேட்டான்.

எட்டு வருடத்தில் அவன் கேட்ட முதல் படம். இருந்ததே ஒரு ரோல்தான். கை பதற, கேமராவின் முதுகைத் திறந்து போட்டு மூடினாள்.

அவள் ஷட்டரை அழுத்தும்போதெல்லாம் பக்கத்தில் நின்று "போச்சு" என்பது அவன் வழக்கம். முதலில், "போச்சு, ஒரு டீ." பிறகு, "போச்சு, ஒரு டீயும் பன்னும்." ரோல் விலை ஏற ஏற அவன் சொல்லும் பொருளும் ஏறியது. கடைசியில் அரை கிலோ ஆப்பிளில் வந்து நின்றது.

ஒருநாளும் தடுத்ததில்லை. ஃபிலிம் கழுவக் கொடுக்கும் கடைக்கு அவனே வண்டியில் கூட்டிப் போவான். வெறும் கேலிதான். ஆனால் அந்த ஒரு வார்த்தை அவள் விரலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அழுத்துவதற்கு முன் யோசிக்க ஆரம்பித்தாள். இது ஒரு படத்துக்குத் தகுமா?

மழை தகும், நின்றுவிடும். இடிக்கப்போகிற எதிர்க் கட்டடம் தகும். யாரோ பெற்ற குழந்தை தகும், வளர்ந்துவிடும்.

கேமரா அவன் பக்கம் திரும்பும்போது மட்டும் இறக்கிவிடுவாள். இவர் எங்கே போய்விடப் போகிறார்?

பதினொரு ஆல்பம். எதிலும் அவன் இல்லை. ஒரு கடைக் கண்ணாடியில் பாதித் தோள் மட்டும் விழுந்திருந்தது. அதுவும் அவனுடையதுதானா என்று தெரியாது.

இன்றைக்கு மட்டும் சொன்ன பக்கமெல்லாம் திரும்பினான். எழுந்து நின்றான், கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான், சிரித்தான்.

"பொண்ணு வீட்டுக்கு அனுப்புற போட்டோ மாதிரி வரணும் மேடம்."

"எந்தப் பொண்ணுக்காம்?"

"லிஃப்ட் கம்பெனிக்குத்தான். ஐடி கார்டுல திருடன் மாதிரி இருக்கேன். மெக்கானிக்னு சொன்னா வாட்ச்மேன் நம்ப மாட்டேங்கறான்."

இருவரும் சிரித்தார்கள். பிரியப்போகிற நாளில் எதற்கு இவ்வளவு நன்றாகச் சிரிக்கிறோம் என்று அவளுக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் புரியவில்லை. அவன் இன்று "போச்சு" சொல்லவில்லை.

முதல் படத்தின்போது சொல்ல வாயெடுத்தான். "போ..." என்றான். அதற்குள் அவள் கேமராவை இறக்கி, அடுத்த படத்துக்கு லீவரை இழுத்தாள். அவன் நிறுத்திக்கொண்டான். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட இல்லை. போகிற நேரத்தில் எதற்கு என்று விட்டுவிட்டானா? அந்தக் கேலியையும் பெட்டியில் வைத்துக் கட்டிவிட்டானா? சொல்லித் தொலைத்தால்தான் என்ன என்று இருந்தது அவளுக்கு. அந்த வார்த்தை இல்லாமல் விரல் கூசியது.

முப்பத்தேழாவது படத்தை எடுத்தாள். லீவரை இழுத்தாள். முப்பத்தெட்டு.

இப்போது கேமராவின் இடது ஓரத்துக் குமிழைப் பார்த்தாள். உள்ளே ஃபிலிம் நகர்ந்தால் லீவரோடு சேர்ந்து அதுவும் சுற்றும். கேமரா வாங்கிய புதிதில் ஒரு ரோல் முழுக்க வெறுமையாக வந்தது. அவள் அழுதுகொண்டிருக்க, கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது சுத்தலேன்னா உள்ள எதுவும் நகரலேன்னு அர்த்தம்" என்று கண்டுபிடித்துச் சொன்னவன் அவன்தான்.

இன்னொரு முறை அழுத்தி, குமிழையே பார்த்தபடி லீவரை இழுத்தாள்.

குமிழ் அசையவில்லை.

காலையில் பதறிய கை. ஃபிலிமின் நுனி உள்ளே இருக்கும் பல்சக்கரத்தில் மாட்டவேயில்லை. முப்பத்தாறு படமும் இல்லை. அவன் சிரித்தது இல்லை, கருவிப் பை இல்லை. வேறு ரோலும் இல்லை.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிமிர்ந்தாள்.

அவன் லென்ஸைப் பார்க்கவில்லை. குமிழைப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போதுதான் பார்க்கிறவன் முகம் இல்லை அது.

பாதியில் நின்றுபோன அந்தப் "போ" அவள் காதில் மறுபடி விழுந்தது.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது.

அவன் எழுந்திருக்கவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

"இன்னும் எத்தனை இருக்கு?"

அவள் எண்ணைப் பார்க்கவில்லை.

"இருக்கு" என்றாள். "நிறைய இருக்கு."

ஹாரன் மறுபடி அடித்தது. அவள் சொல்லாமலே, வெளிச்சம் இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.