மார்க்கெட் ஐஸ்

தீவின் ஜங்லிகாட் குடியிருப்பில் காலையில் போன கரண்ட் மதியம் இரண்டாகியும் வரவில்லை. சுனாமிக்குப் பிறகு போட்ட தகரக் கூரை அனலைக் கக்குகிறது. நீலாவதி கண்ணாடித் தொட்டியருகே நின்று கடல்தண்ணீரைக் குவளையால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுகிறாள். காற்று மோட்டார் செய்கிற வேலையை இப்போது அவள் கை செய்கிறது. தோள் கழன்றுவிடும்போல் வலிக்கிறது. உறையவைத்து மிதக்கவிட்ட பாட்டில்கள் வெதுவெதுத்துவிட்டன. தெர்மாமீட்டர் முப்பத்திரண்டைத் தாண்டுகிறது. கோமாளி மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வாசலில் ஸ்கூட்டர் வந்து நிற்கிறது. கணவன் தேவேந்திரன் ஐஸ் வாளியோடு ஓடிவந்து, வந்த வேகத்திலேயே தொட்டிக்குள் சாய்க்கப் போகிறான். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள்.

“அப்படியே கொட்டாதீங்க! உப்பு குறைஞ்சுபோச்சுன்னா ரெண்டும் செத்துரும்.”

“அரே, அப்ப ஜல்தி ஒரு கவர் எடு!”

ஐஸைப் பிளாஸ்டிக் பையில் அள்ளிப் போட்டு, வாயை இறுக்கிக் கட்டித் தண்ணீரில் இறக்குகிறாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தெர்மாமீட்டரையே பார்க்கிறார்கள். சிவப்புக் கோடு அசையாமல் நின்று, பிறகு மயிரிழை இறங்குகிறது. சின்ன மீன் குளிரைத் தேடிப் பையருகே வருகிறது. அப்போதுதான் பைக்குள்ளே ஒட்டியிருக்கும் பெரிய கொடுவா மீன் செதிலை அவள் பார்க்கிறாள்.

“இதை எங்கேருந்து கொண்டாந்தீங்க?”

“மீன் மார்க்கெட்ல. கூடையில மீன் மேல கிடந்தது.”

சின்ன மீன் செதிலுக்கு நேரெதிரே அசையாமல் நிற்கிறது. நீலாவதி விரலால் பையை மெல்லத் திருப்பி, செதிலை அதன் கண்ணில் படாமல் மறுபக்கமாக மறைக்கிறாள்.