குறி பார்த்தவர்

பம்மல் பட்டறையில் ஜெயவேலு செய்து முடித்திருந்த போர்க்கப்பல் மாதிரியைப் பார்த்ததும் கமாண்டர் சந்தானத்தின் முகம் கறுத்தது. ஓய்வு பெறுமுன் அவர் வேலை பார்த்த கப்பல் அது.

“பீரங்கிக்குக் குறி பார்த்துச் சொல்ற டைரக்டர் கருவி ஏன் கோணலா திரும்பியிருக்கு? நேராக்கு.”

“அப்டியே இருக்கட்டும் சார்.”

பளாரென்று அறை விழுந்தது. ஜெயவேலுவின் உதடு கிழிந்தது.

“எவன்டா உனக்குச் சொன்னான்?” கமாண்டர் அவன் கழுத்தை நெரித்தார். “பயிற்சியில நான் மிதவையைத்தான் குறி பார்த்தேன். அதை இழுத்துட்டுப் போன படகுல குண்டு விழுந்ததுக்கு நானா பொறுப்பு?”

ஜெயவேலு அவரை எட்டி உதைத்தான். மேசை விளிம்பில் மண்டை மோதி, அவர் ரத்தத்தோடு கீழே சரிந்தார்.

“அந்தப் படகுல எங்க நைனா இருந்தாரு சார். குறி பார்த்தது யாருன்னு கடைசி வரைக்கும் எவனும் வாயத் தொறக்கல. அதான் இந்தக் கப்பலை எத்தினி வாட்டி செஞ்சாலும் டைரக்டரை அன்னிக்குப் படகு இருந்த பக்கமே திருப்பி வெச்சிகினு இருந்தேன். வாங்கிகினு போன ஒருத்தருக்கும் கோவம் வர்ல.”

சுத்தியலைக் கையில் எடுத்துக்கொண்டு, பட்டறைக் கதவை அவன் உள்பக்கமாகத் தாழிட்டான்.