கூரைமேல் துரோகம்

முப்பது ஆண்டுகள் கட்சிக்காக உழைத்த வட்டச் செயலாளர், விசாரணைக் குழுவின் முன் கைகட்டி நின்றார். மின்விசிறிக்குக் கீழே சாய்ந்திருந்த தலைவர் சீறினார்.

"சோலார் ஆளுங்கட்சித் திட்டம்யா! அதைப் போய் உன் மாடியில மாட்டியிருக்கியே, வெக்கமா இல்ல?"

"வெயில் எல்லாருக்கும் பொதுதானேண்ணே? பதவியை மட்டும் பறிச்சிடாதீங்க."

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டுப் பேச்சைப் பாரு!" கைபேசியைச் சார்ஜரில் செருகியபடியே பொருளாளர் எகிறினார்.

நீக்கத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

"இனி உனக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல. வெளியே போ!" என்றார் தலைவர்.

"அண்ணே, இது என் வீடு. கட்சி ஆபீஸ்ல கரண்ட் இல்லன்னு நீங்கதானே கூட்டத்தை இங்க வச்சீங்க?"

தலைவர் சற்றும் அசரவில்லை.

"அதனால என்ன? அங்க கரண்ட் வர்ற வரைக்கும் வெளியில நில்லு!"