நீ முன்னாடி போம்மா

"என்னங்க, தண்ணி முழங்கால் வரைக்கும் இருக்கும் போலிருக்கே! திரும்பிடலாங்க."

"திரும்பி எங்கே போறது? டாக்டர் இருக்கிறது அந்தப் பக்கம்தானே!"

பைக்கில் இருவருக்கும் நடுவே, மழைக்கோட்டுக்குள் சுருண்டிருந்த குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. மத்தியானம் ஒருமுறை வலிப்பு வந்துவிட்டது. மறுபடி வருவதற்குள் மருத்துவரிடம் சேர்த்தாக வேண்டும்.

பாலத்தடியில் எது சாலை, எது சாக்கடை என்று தெரியாதபடி ஒரே வெள்ளம். மூடியில்லாத குழி ஒன்று இங்கே எங்கேயோ இருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னது நினைவுக்கு வர, மனைவி குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பைக் நின்றது. பின்னால் ஓயாத ஹாரன். தொப்பலாக நனைந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, ஸ்கூட்டரில்.

"சார், ஒண்ணு போங்க, இல்லே வழி விடுங்க! இங்கேயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?"

மனைவிக்குத் திக்கென்றது. ஹாரன் அடித்தவர்களைக் கணவர் சும்மா விட்டதே கிடையாது. சாலையில் எறும்புக்குக்கூட வழி விடாத மனிதர்.

அவரோ பைக்கை ஓரமாக ஒதுக்கினார்.

"நீ முன்னாடி போம்மா. பாவம், நனையறே. நாங்க மெதுவா வர்றோம்."

அந்தப் பெண்ணின் குரல் குழைந்தது. "சாரிண்ணா. ரொம்பத் தேங்க்ஸ்."

ஸ்கூட்டர் தண்ணீரில் இறங்கியது. மனைவி அவர் தோளை அழுத்தினாள்.

"நம்ம பிள்ளை இப்படிக் கிடக்கறப்பவும் அடுத்தவங்களை நினைக்கிறீங்களே! அந்த மனசுக்காகவே நம்ம குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதுங்க."

அவர் ஸ்கூட்டரையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதித் தூரம் போயிருக்கும். முன்சக்கரம் சட்டென்று காணாமல் போனது. அந்தப் பெண் தலைகுப்புற விழுந்தாள்.

"ஐயோ! ஓடுங்க, போய்த் தூக்குங்க!"

அவர் அசையவில்லை.

சில நொடிகளில் அந்தப் பெண் தட்டுத்தடுமாறி எழுந்தாள். வாயில் புகுந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, இவர்களைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டிக் கத்தினாள்.

"அண்ணா! இடது பக்கம் வராதீங்க, பெரிய குழி! குழந்தை வெச்சிருக்கீங்க, வலது பக்கமா ஒட்டி வாங்க!"

அவர் கியரைப் போட்டார்.

"அதைத் தெரிஞ்சுக்கத்தானே முன்னாடி போகச் சொன்னேன்" என்றார், மனைவிக்கு மட்டும் கேட்கும்படி.