சீட்டு இருக்கா?

"சீட்டு இருக்கா?"

"இல்லண்ணா. ஒரே ஒரு அட்டை கேப்சூல். யாருக்கும் தெரியப் போறதில்ல."

"எனக்குத் தெரியுமேம்மா" என்றார் மருந்துக்கடைக்காரர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி.

கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் இப்படி ஒரு வழக்கு. அவளுக்கு ஏழாவது மாதம். எட்டு வருடம் காத்திருந்து உண்டான குழந்தை. ஆறு நாளாக இருமல் விட்டபாடில்லை. இருமல் வரும்போதெல்லாம் ஒரு கையால் மேசையையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டாள்.

"மாசமா இருக்கறவங்களுக்குச் சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் தரக் கூடாதுன்னு மாடி டாக்டரம்மா உத்தரவு. அவங்க கையாலயே ஒரு அட்டையில எழுதிச் சுவத்துல மாட்டியிருக்காங்க, பாருங்க."

அவள் அந்த அட்டையின் பக்கம் திரும்பவே இல்லை.

"பார்த்தாச்சு, பார்த்தாச்சு. கையெழுத்தைப் பாரு, கோழி கிளறின மாதிரி."

"டாக்டருங்க எழுத்து வேற எப்படிம்மா இருக்கும்?"

"ராத்திரி பூரா உட்கார்ந்து இருமினா எப்படி இருக்கும்னு அந்தம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்னுதான் நினைக்கிறேன்."

"சரியான பிடிவாதக்காரி!"

"அதை என் வாயால வேற சொல்லணுமா?" என்றவர், தானே டாக்டர் ஆகிவிட்டவர் போல விசாரணையை ஆரம்பித்தார். "காய்ச்சல் இருக்கா?"

"இல்ல."

"மூச்சு வாங்குதா?"

"இல்ல."

"அப்போ சாதாரணச் சளி. வைரஸ். இந்த கேப்சூல் அதை ஒண்ணும் பண்ணாது. ஆவி பிடிங்க, வெந்நீர் குடிங்க."

"எல்லாம் தெரியும்! தெரிஞ்சா இருமல் நின்னுடுமா?"

அப்போது ஒருவர் மூச்சிரைக்க வந்து சீட்டை நீட்டினார். கடைக்காரர் மறுபேச்சு இல்லாமல் அதே கேப்சூலை எடுத்து வைத்தார். அவள் கண்ணை அகல விரித்துப் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரிக்குண்ணா. நேத்து என் மச்சினிதான் மாடிக்குக் கூட்டிட்டு வந்தா. நீர்க்கடுப்பாம்" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "கர்ப்பத்துல இதைச் சாப்பிட்டா குழந்தைக்குப் பின்னால வீசிங் வரும்னு போன்ல படிச்சேன். குடுக்கலாமா?"

"தேவையில்லாமச் சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான். இது தேவைன்னுதான் எழுதியிருக்காங்க. நீர்க்கடுப்பை அப்படியே விட்டா கிட்னி வரைக்கும் ஏறும். அப்புறம் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. ஏழு நாளும் முழுசா முடிக்கச் சொல்லுங்க. நடுவுல நல்லாயிடுச்சுன்னு நிறுத்தக் கூடாது."

வந்தவர் நிம்மதியாகப் போனார். அவளுக்குத்தான் வயிற்றெரிச்சல்.

"என் கண் முன்னாடியே எடுத்துக் குடுக்கறீங்க!"

"அவர்கிட்ட சீட்டு இருந்துச்சு. நீங்களும் டாக்டரம்மாவைக் கேளுங்க. எழுதிட்டா அடுத்த நிமிஷம் தர்றேன்."

"ரெண்டு நாளா கேட்டுப் பார்த்துட்டேன். மனசு இரங்க மாட்டேங்கறாங்க."

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு ஏனோ அவர் முகம் மாறியது.

"என் பொண்ணு வயித்துல இருந்தப்போ என் வீட்டுக்காரி தும்மினாப் போதும், கடையிலேருந்து நாலு கேப்சூல் எடுத்துட்டு ஓடுவேன். மருந்துக்கடைக்காரன் பொண்டாட்டின்னா சும்மாவா! இப்போ பொண்ணுக்கு நாலு வயசு. கொஞ்சம் குளிர்ந்தா இழுப்பு. இதனாலதானான்னு டாக்டரம்மாகிட்ட கேட்டேன். 'யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது, ஆனா அந்தச் சளிக்கு அது வேண்டாத மருந்து'ன்னாங்க. மறுநாளே அந்த அட்டையை எழுதிட்டு வந்து மாட்டினாங்க."

அவள் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"பயமா இருக்குண்ணா. நான் இருமினா உள்ளே குழந்தைக்குத் தூக்கித் தூக்கிப் போடுமோன்னு இருக்கு. எட்டு வருஷம் ஆச்சு இதுக்கு. பயத்துல புத்தியே வேலை செய்யல."

"அது சொகுசா தண்ணில மிதந்துட்டு இருக்கு. நீங்க இருமினா அதுக்கு ஊஞ்சல். ஓசில ஆடட்டுமே! காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்தா, கடையைச் சாத்திட்டு நானே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன், போதுமா?"

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பில் முடிந்தது. உள்ளே குழந்தை ஓர் உதை விட்டது.

"ஆக, தர மாட்டீங்க?"

"மாட்டேன்."

"இதை யாராவது என்கிட்ட சொல்ல மாட்டாங்களான்னுதான் வந்தேன் போலிருக்கு."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றியபடி ஒவ்வொரு படியாக ஏறி மாடிக்குப் போனாள். அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகள் அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார்கள்.

நர்ஸ் ஓடிவந்து அறைக்கதவைத் திறந்துவிட்டாள். "வாங்க டாக்டர்! முதல் டோக்கனுக்கு மூணு நாளா இருமலாம். ஆன்டிபயாடிக் எழுதித் தந்தாத்தான் ஆச்சுன்னு ஒரே அடம்!"