சோதனைப் பதிப்பு

"ராப்பகலா எவனுக்குடி எழுதுற?" வெறும் வலையோடு கரையேறி வந்த அண்ணன் சிவபாலன், கணினியில் தட்டிக்கொண்டிருந்த பூங்கொடியின் தோளில் துடுப்பால் ஒன்று வைத்தான்.

"எவனுக்கும் இல்லண்ணே. அயர்ன்பைத்தான்னு ஒரு புது நிரல்மொழி, சோதனைப் பதிப்பு வந்திருக்கு. கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே இருக்குற டாட்நெட்டுலேயே ஓடுறதால பழைய புரோகிராமையும் இதுலேர்ந்தே ஓட்டலாம். இத வச்சு உன்னோட..."

அடுத்த அடியில் உதடு கிழிந்தது. மிச்சத்தை இப்போது இவனிடம் சொல்வதில்லை என்று அப்போதே முடிவு செய்தாள். கணினியை அவன் சுக்குநூறாக உடைத்து முடிக்கும்வரை தடுக்கவேயில்லை.

"இனிமே எழுதுவியாடி?"

பூங்கொடி ரத்தத்தைத் துப்பினாள்.

"உன் ஜிபிஎஸ் தேறாதுன்னு கடைக்காரன் கைவிரிச்சான்ல? அதுல நீ குறிச்சு வச்சிருந்த மீன் கெடைக்கிற இடத்தையெல்லாம் நேத்துதான் மீட்டு, நீ ஒடச்ச இந்தப் பெட்டியில ஏத்துனேன். மீட்டு முடிச்சதோட ஜிபிஎஸ்ஸும் செத்துப்போச்சு. நாளைக்கு வலைய எங்கண்ணே விடுவ?"