டூட்டி நேரம்

மட்டாஞ்சேரி மீன் மார்க்கெட்டில் அந்தப் பச்சை யூனிஃபார்மைப் பார்த்ததும் ஸ்நேஹாவுக்குப் பகீரென்றது.

அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் யூனிஃபார்மேதான். போட்டிருந்தவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். மீன்தண்ணீர் ஓடுகிற தரையில் நின்றுகொண்டு, ஒன்றும் வாங்காமல் கடை கடையாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்நேஹா தொற்றுத் தடுப்புப் பிரிவில் நர்ஸ். கை கழுவினாயா, துணி மாற்றினாயா என்று மற்ற நர்ஸுகளை விரட்டுவதே அவள் உத்தியோகம். ஒரு வாரமாக அந்த உத்தியோகம் அவள் தூக்கத்தைப் பறித்துக்கொண்டது. பிறந்து பத்து நாள்கூட ஆகாத மூன்று குழந்தைகளுக்கு, ஐ.சி.யூ.வில் ஒன்றன்பின் ஒன்றாகக் காய்ச்சல். மூன்றின் ரத்தத்திலும் ஒரே கிருமி. குழாய், தொட்டில், கையுறை என்று எல்லாவற்றையும் சோதித்தாகிவிட்டது. எதிலும் அகப்படவில்லை. மூன்றாவது குழந்தை நேற்று ராத்திரியிலிருந்து வென்டிலேட்டரில் கிடக்கிறது.

அப்படியானால் வெளியிலிருந்துதான் வருகிறது. இவளைப் போன்றவர்கள் துணியில் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது. யூனிஃபார்மோடு வெளியே கால் வைத்தால் வேலை போகும் என்று நோட்டீஸ் ஒட்டி இரண்டு மாதமாகிறது. இவள் என்னடாவென்றால் பட்டப்பகல் பதினொரு மணிக்கு மீன் மார்க்கெட்டில் நிற்கிறாள்! என்ன நெஞ்சழுத்தம்!

ராத்திரி முழுக்கக் கண்விழித்துவிட்டு, குளித்து உடைமாற்றி வீட்டுக்குக் கிளம்பியவள் ஸ்நேஹா. வீட்டை மறந்தாள். அந்தப் பெண்ணின் பின்னாலேயே நடந்தாள்.

பெண் ஒரு சாயாக் கடையில் நின்றாள். "சேட்டா, ஒரு சாயா" என்றாள். கிளாஸை வாங்கும்போது சிந்திய சாயாவை யூனிஃபார்மிலேயே துடைத்துக்கொண்டாள். ஸ்நேஹாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எப்போதும்போல் நம்பரை மட்டும் குறித்து எழுதிக் கொடுத்துவிடலாம் என்று பார்த்தால் மார்பில் பேட்ஜ் இல்லை. மாட்டிக்கொள்ளக் கூடாதென்று கழற்றி ஒளித்து வைத்திருக்கிறாள், சாமர்த்தியக்காரி.

அந்த நேரம் பெண்ணின் போன் அடித்தது.

"ஆமாப்பா, டூட்டியிலதான் இருக்கேன். சாப்பிட்டாச்சுப்பா. சரி, வார்டுல கூப்பிடுதாங்க, வச்சிரட்டுமா?"

டூட்டி நேரத்தில் நழுவி வந்ததும் இல்லாமல், பெற்ற அப்பாவிடம் இப்படி வாய்கூசாமல் ஒரு பொய்! இன்னும் கொஞ்ச நேரத்தில் இதே துணியோடு வார்டுக்குள் போவாள். குனிந்து தொட்டிலில் கை வைப்பாள்.

பெண் படகுத்துறைப் பக்கம் நடந்து, நிழலாக இருந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு தாய், கைக்குழந்தையோடு இருந்தாள். குழந்தை விடாமல் அழுதது. பச்சைத் துணியைப் பார்த்ததும் அந்தத் தாய்க்குத் தெம்பு வந்துவிட்டது.

"சிஸ்டரே, மோளை ஒண்ணு நோக்குமோ?" என்று, மகளைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லிக் குழந்தையை நீட்டினாள்.

பெண் சட்டென்று இரண்டு கையையும் நீட்டினாள்.

"தொடாதே!"

ஸ்நேஹா போட்ட சத்தத்தில் துறையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தாய் பதறிக் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பெண்ணும் எழுந்தாள். ஸ்நேஹாவைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"மேடம்..."

"ஓ, என்னைத் தெரியறதோ? நோட்டீஸ் மட்டும் தெரியலையாக்கும்! அங்கே மூணு கொழந்தைகள் உயிருக்குப் போராடிண்டிருக்கு. நீ இங்கே மீன் மார்க்கெட்டைச் சுத்திண்டு, சாயா குடிச்சிண்டு... கொஞ்சமாவது மனசாட்சி உண்டோ நோக்கு? பேரென்ன?"

"பாண்டிச்செல்வி, மேடம்."

"எந்த வார்டு? பேட்ஜ் எங்கே?"

பாண்டிச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். "பேட்ஜை வாங்கிட்டாங்க மேடம்."

"யாரு?"

"ஆபீஸ்ல. வேலை போயி ஒரு மாசம் ஆச்சு. அப்பா மூட்டை தூக்கிப் படிக்க வச்சாரு. அவருகிட்ட சொல்ல வாய் வரமாட்டேங்கு. அதான் காலையில இதைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிருதேன். சாயங்காலம் வரைக்கும் இப்படியே எங்கயாவது சுத்திட்டு வீட்டுக்குப் போவேன்."

ஸ்நேஹாவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. ஒரு மாதம். குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தது போன வாரம். அப்படியானால் இவள் இல்லை. கிருமி இன்னும் அங்கேதான், எங்கேயோ, கண்ணில் படாமல் இருக்கிறது. போயும் போயும் வேலையிழந்த ஒருத்தியை நடுத்தெருவில் வைத்துக் கத்தித் தீர்த்துவிட்டோமே என்று கூசிப்போனாள்.

"கவலைப்படாதே. நான் ஆபீஸில் பேசிப் பார்க்கறேன்" என்றாள், குரலைத் தணித்து. "எதுக்கு உன்னை வேலையை விட்டு எடுத்தா?"

பாண்டிச்செல்வி அப்போதுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"யூனிஃபார்மோட மார்க்கெட்ல நின்னேன்னு நீங்கதானே மேடம் எழுதிக் குடுத்தீங்க!"